எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று அடாப்டர் பாக்கெட்டில் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் மானிட்டரில் பிளேஸ்டேஷன் கேம் பெட்டியை இணைத்து விளையாட முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டதற்குத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. கடையில் கிடைக்கும் அடாப்டர் ஒன்றை வாங்கி மாட்டினால் போதும், 200 ரூபாயில் வேலை முடிந்தது என்கிற தோரணையில் அது இருந்தது. ஒரு வகை மானிட்டருக்கு அந்தப் பதில் சரி. மற்ற வகைகளுக்குத் தப்பு. எதற்குச் சரி என்று சொல்லாமல் விட்டதால், அந்தப் பகுதியைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டே என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். பேப்பரிலேயே போட்டிருக்கிறதே என்று என்னிடம் வாதம் வேறு.

நான் காவேரிப்பட்டணத்தில் டிவி, மானிட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். சாலிடேர், டயனோரா பெட்டிகள் ஓடிய காலத்தில் தர்மபுரியில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றேன். இப்போது டிவி ரிப்பேர் முன்போல வருவதில்லை. பேனல் போனால் புது டிவியே எடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தைப் பிடித்திருப்பது, பள்ளிக்கூடப் பையன்கள் பாலித்தீன் கவரில் போட்டுக் கொண்டுவரும் குட்டி அடாப்டர்கள். "அண்ணா, இதை மாட்டினா ஒண்ணுமே வரலைங்கணா" என்று மேஜை மேல் கொட்டுவார்கள். பாதிப் பேருடைய அடாப்டரில் கோளாறே இருக்காது. அவர்கள் மானிட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

மானிட்டரில் விளையாட நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. வீட்டில் டிவி ஒன்றுதான் இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது சீரியலுக்குப் போய்விடும். ஆன்லைன் வகுப்புக்கு என்று கொரோனா சமயத்தில் வாங்கிய கம்ப்யூட்டரின் சிபியு புகைந்து போயிருக்கும், மானிட்டர் மட்டும் நன்றாக இருக்கும். டிவியைவிட மானிட்டரில் பட்டனை அமுக்கியதும் ஆள் சட்டென்று நகர்கிறான் என்று பையன்கள் சொல்வதும் உண்மைதான். டிவி, வந்த படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுத்துக்கொள்ளும். மானிட்டர் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வதில்லை.

சரி, உங்கள் பதில் எந்த மானிட்டருக்குப் பொருந்தும்? பின்பக்கத்தில் அகலமான, பெரும்பாலும் வெள்ளை நிறமான டிவிஐ சாக்கெட் உள்ள மானிட்டருக்கு. டிவிஐ 1999-ல் வந்தது. இப்போதைய கேம் பெட்டிகளிலும் டிவிகளிலும் இருக்கும் ஹெச்டிஎம்ஐ 2002-ல் வந்தது. அது டிவிஐயின் அதே முறையை எடுத்துக்கொண்டுதான் படத்தை அனுப்புகிறது. ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவில் மாற்ற வேண்டியது முனையில் உள்ள பின்களின் அமைப்பு மட்டும். உள்ளே சிப் எதுவும் வேண்டாம். சாதாரண அடாப்டரே போதும், எந்தப் பக்கமாகப் போனாலும் வேலை செய்யும். பிஎஸ்4-ஐ, அதாவது பிளேஸ்டேஷன் 4-ஐ, இதில் மாட்டினால் படம் பளிச்சென்று வரும்.

சத்தம்தான் வராது. டிவிஐயில் சத்தத்துக்கு இடம் வைக்கவில்லை, அந்த மானிட்டரில் பெரும்பாலும் ஸ்பீக்கரும் இருக்காது. இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பிஎஸ்4 கன்ட்ரோலரின் அடியில் இயர்போன் துளை இருக்கிறது. செட்டிங்ஸில் டிவைசஸ், அதில் ஆடியோ டிவைசஸ் போய், ஹெட்போனுக்கு எல்லாச் சத்தமும் போகும்படி 'ஆல் ஆடியோ' என்று வைத்தால் போதும். ராத்திரி பத்து மணிக்கு மேல் விளையாடுகிற பையன் உள்ள வீட்டில் இது ஸ்பீக்கரைவிட மேல்.

இனி விஜிஏ. என் கடைக்கு வரும் சண்டையில் முக்கால்வாசி இந்த நீல சாக்கெட்டால்தான். மூன்று வரிசையில் 15 துளை, இரண்டு பக்கமும் திருகும் ஸ்க்ரூ. ஐபிஎம் 1987-ல் கொண்டுவந்தது இன்னும் நம் ஊர் ஆபீஸ்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் உயிரோடு இருக்கிறது. விஜிஏ மானிட்டருக்கு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் மூன்று தனி வயரில் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக வர வேண்டும். திரையில் படத்தின் ஒரு வரி எங்கே முடிகிறது, முழுப் படம் எங்கே முடிகிறது என்று சொல்ல இன்னும் இரண்டு வயர். ஹெச்டிஎம்ஐயில் வருவதோ முழுக்க டிஜிட்டல். இதைப் படித்து அதுவாக மாற்றிக் கொடுக்க நடுவில் ஒரு சிப் இருந்தே ஆக வேண்டும். வேறு வழியே கிடையாது.

சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கேபிளைச் சொல்கிறேன். ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ, நடுவில் தடிமனான கறுப்பு வயர். அட்டையில் தங்க எழுத்தில் முழு ஹெச்டி, 1080பி என்றெல்லாம் போட்டிருந்தது. விஜிஏ முனையின் பிளாஸ்டிக்கைக் கட்டரால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். உள்ளே வெள்ளைப் பசை. அதைச் சுரண்டி எடுத்தால் வயர்கள் நேராக வந்து பின்களில் பற்றவைக்கப்பட்டிருந்தன. சிப்பும் இல்லை, போர்டும் இல்லை, ஒரு ரெசிஸ்டர்கூட இல்லை. 15 பின்னில் சிலவற்றுக்கு வயரே வரவில்லை. மல்டிமீட்டரை வைத்து ஹெச்டிஎம்ஐ முனையிலிருந்து எது எதற்குப் போகிறது என்று தேடினோம். அந்தக் கேபிளால் எந்த மானிட்டரிலும், எந்தக் கேம் பெட்டியிலும் படம் வரவே வராது. அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிய கடையில், பிரித்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

சிப் உள்ள நல்ல அடாப்டர் வாங்கினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தச் சிப்புக்குக் கரன்ட் வேண்டுமே? ஹெச்டிஎம்ஐயின் 19 பின்களில் 18-வது பின்னில் 5 வோல்ட் வருகிறது, அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் விதிமுறைப்படி அந்தப் பின்னில் கொடுத்தே ஆக வேண்டியது 55 மில்லியாம்பியர் மட்டும். அதற்கு மேல் கொடுப்பது பெட்டி செய்தவர் விருப்பம். சிப்புக்கு அது பற்றாவிட்டால் படம் வந்து வந்து போகும், ஐந்து நிமிடம் ஓடிவிட்டுக் கறுப்பாகும். உடனே பிளேஸ்டேஷன் போச்சு என்று பதறிக்கொண்டு தூக்கி வருகிறார்கள். பக்கவாட்டில் குட்டி யுஎஸ்பி துளை உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்கி, பழைய போன் சார்ஜரைச் செருகினால் தீர்ந்தது. இயர்போன் துளையும் சேர்ந்து இருப்பதாக வாங்கினால் சத்தத்துக்கும் வழி கிடைக்கும். இவை எல்லாம் உள்ளது என் அனுபவத்தில் 300, 400 ரூபாய் ஆகும். 200 ரூபாயில் முடியாது.

அப்புறம் திசை. ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போகும் அடாப்டரும், விஜிஏவிலிருந்து ஹெச்டிஎம்ஐக்குப் போகும் அடாப்டரும் கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒரே நிறம், ஒரே அளவு. முதலாவது புது கேம் பெட்டியைப் பழைய மானிட்டரில் மாட்ட. இரண்டாவது பழைய கம்ப்யூட்டரைப் புது டிவியில் மாட்ட. ஒன்றைத் திருப்பிப் போட்டு மற்றொன்றாக ஆக்க முடியாது. விற்கிற பையனுக்கே இது தெரியாது, பாவம். "ஹெச்டிஎம்ஐ விஜிஏ இருக்கா?" என்று கேட்டால் கைக்கு வருவதை எடுத்துக் கொடுக்கிறான். சில பாக்கெட்டில் அம்புக்குறி இருக்கும், பலவற்றில் அதுவும் இருக்காது.

ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐயும் மறுமுனையில் பழைய டிவியில் செருகும் மூன்று வண்ண ஏவி பின்னும் உள்ள வெறும் கேபிள் ஒன்று வருகிறது. அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: வாங்காதீர்கள். தனி கரன்ட் கொடுக்கும் பெட்டி நடுவில் இல்லாமல் அந்த மாற்றம் நடக்காது.

திசைக் குழப்பத்தில் பெரிய ஏமாற்றம் லேப்டாப்பில் வருகிறது. 2011-லிருந்து அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி நம் பகுதியில் பல வீடுகளில் இருக்கிறது. அக்கா படித்து முடித்துக் கல்யாணமாகிப் போயிருப்பாள், லேப்டாப் தம்பிக்கு வந்திருக்கும். அதன் ஓரத்தில் உள்ள சாக்கெட்டில் கேம் பெட்டியைச் செருகி, லேப்டாப் திரையில் விளையாடலாம் என்று நினைக்கிறான். அரசு லேப்டாப் என்றில்லை, கடையில் லட்ச ரூபாய் கொடுத்து வாங்கியதிலும் கதை ஒன்றுதான். லேப்டாப்பில் உள்ள அந்தத் துளை படத்தை வெளியே அனுப்புவதற்கு. உள்ளே வாங்காது. இரண்டு பக்கமும் அனுப்பத்தான் தெரியும் என்றால் வாங்கிக்கொள்வது யார்? இதற்கு எந்த அடாப்டரும் உதவாது. கேம் பெட்டியின் படத்தை வாங்கி லேப்டாப்புக்குக் கொடுக்க, கேப்சர் கார்டு என்று யுஎஸ்பியில் செருகுகிற சாதனம் வேண்டும். அதிலும் மலிவான வகையில் விளையாடுவது கஷ்டம். முழு ஹெச்டி படம் விநாடிக்கு 60 முறை மாறினால் அது விநாடிக்குச் சுமார் 3 ஜிகாபிட். யுஎஸ்பி 2.0 தாங்குவது 480 மெகாபிட்தான். ஆகவே படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. லேப்டாப் அதை விரித்துக் காட்டுவதற்குள் எதிராளி சுட்டுவிட்டுப் போய்விடுவான். வீடியோ பதிவு செய்ய அது சரி. பாக்கெட்டில் 4கே என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் அர்த்தம், லேப்டாப்புக்கு அதே தரத்தில் தரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

பழைய கேம் பெட்டிகளைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்2 இன்னும் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் பரண் மேல் இருக்கிறது. 2000-ல் வந்த பெட்டி, லென்ஸைத் துடைத்தால் இன்னும் ஓடுகிறது. அதைவிடப் பழையது, கேசட் செருகும் டிவி வீடியோ கேம். ஆன்டெனா துளையில் வயரைச் செருகிச் சேனல் தேடிப் பிடித்து விளையாடிய அந்தத் தலைமுறை இப்போது தன் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறது. வீட்டில் இருப்பதோ கம்ப்யூட்டர் மானிட்டர். மஞ்சள் ஏவி பின் ஒரு பக்கம், நீல விஜிஏ பின் மறுபக்கம் உள்ள கேபிள் கேட்டு வருகிறார்கள். அதுவும் விற்கிறது.

ஏன் ஆகாது என்றால், இது வேகத்தின் விஷயம். நம் நாட்டுப் பழைய டிவிகளின் 'பால்' (PAL) என்ற முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, விநாடிக்கு 25 படம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 15,625 வரி. பழைய டிவிக்கான கேம் பெட்டிகள் எல்லாம் இந்த வேகத்தை ஒட்டித்தான் வரி போடும். விஜிஏ மானிட்டர் ஆரம்பிப்பதே விநாடிக்கு 31,000 சொச்சம் வரியில். பாதி வேகத்தில் வருவதை 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று சொல்லித் தள்ளிவிடும், அல்லது ஒன்றும் சொல்லாமல் தூங்கப் போய்விடும். போதாக்குறைக்கு மஞ்சள் வயரில் நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன, அதைப் பிரித்தாக வேண்டும். வரியைச் சேமித்து, இரட்டிப்பாக்கி, நிறத்தைப் பிரித்து மூன்று வயரில் விட ஒரு முழுப் போர்டே தேவை.

அந்தப் போர்டு பலர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்பதுதான் வேடிக்கை. பதினைந்து வருடத்துக்கு முன் மானிட்டரில் கேபிள் டிவி பார்க்க டிவி டியூனர் பாக்ஸ் என்று ஒன்று வாங்கினோமே, ரிமோட்டோடு வருமே, அதுவேதான். கேபிளில் செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதில் ஆன்டெனா துளைக்குப் பக்கத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகள் இருக்கும். பின்னால் விஜிஏ வெளியே. ஸ்பீக்கருக்குத் தனித் துளை. பிஎஸ்2-வை அதில் செருகி, ரிமோட்டில் ஏவி என்று மாற்றினால் எந்தப் பழைய மானிட்டரிலும் படம் வருகிறது. புதிதாக வரும் குட்டி ஏவி-விஜிஏ பெட்டிகளைவிட இதில் நிறம் நன்றாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பரணில் தேடிப் பாருங்கள். அதோடு வந்த கரன்ட் அடாப்டரும் சேர்ந்து கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து, பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதையும் பார்த்து, அப்புறம் வேறொன்று வாங்குங்கள்.

பிஎஸ்2-வின் பின்னால் நேராகச் செருகும் விரல் அளவு ஹெச்டிஎம்ஐ அடாப்டர் இப்போது பிரபலம். மோசமில்லை. ஆனால் மாட்டுவதற்கு முன், பழைய டிவியில் வைத்தே பிஎஸ்2-வின் செட்டிங்ஸுக்குப் போய், காம்போனன்ட் வீடியோ அவுட் என்ற இடத்தில் ஆர்ஜிபி இருந்தால் அதை மாற்றி ஒய் என்று தொடங்கும் மற்றொன்றை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறம் கெட்டு வரும். இன்னொன்று, அந்த அடாப்டர்களில் பெரும்பாலானவை வரி எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை, வந்ததை அப்படியே ஹெச்டிஎம்ஐயில் தள்ளிவிடுகின்றன. டிவி அதை ஏற்றுக்கொள்ளும். கம்ப்யூட்டர் மானிட்டர்கள் பல ஏற்றுக்கொள்வதில்லை. மானிட்டருக்கென்று வாங்குகிறவர் கடையிலேயே தன் மானிட்டரைக் கொண்டுபோய்ச் சோதித்துக்கொள்வது நல்லது.

கேசட் வீடியோ கேமோடு வந்த துப்பாக்கி மட்டும் எந்த அடாப்டர் போட்டாலும் எல்சிடி மானிட்டரில் வேலை செய்யாது. வாத்து சுடும் கேமில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். துப்பாக்கிக் குழலில் உள்ள சென்சார் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பட்டதா இல்லையா என்று முடிவு செய்கிறது. பிக்சர் டியூபில் அது அந்தக் கணமே நடக்கும். எல்சிடியில் தாமதமாக வரும், துப்பாக்கி அதற்குள் தப்பியது என்று கணக்கு எழுதிவிடும். இதற்காகவாவது 2006-லிருந்து அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி யாரிடமாவது ஓடுகிற நிலையில் இருந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். என்னிடம் ரிப்பேருக்கு வந்தவற்றில் முன்னாலோ பின்னாலோ ஏவி துளை இருந்தது. மஞ்சள் வயரை நேராகச் செருகினால் போதும், அடாப்டரே வேண்டாம்.

ஓசூர், பெங்களூரு கம்பெனிகளில் கழித்துக் கட்டிய மானிட்டர்கள் நம் ஊர்களுக்கு நிறைய வருகின்றன. தரமானவை, விலையும் குறைவு. அவற்றில் பலவற்றில் ஹெச்டிஎம்ஐ இருக்காது. ஒரு மூலை மட்டும் வெட்டிய டிஸ்ப்ளேபோர்ட் சாக்கெட் இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்-ஹெச்டிஎம்ஐ கேபிள் என்று கடையில் கிடைப்பது கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் போவதற்கு. கேம் பெட்டியிலிருந்து மானிட்டருக்கு வர அது ஆகாது. எதிர்த்திசைக்குச் சிப்பும் யுஎஸ்பி கரன்ட்டும் உள்ள தனி வகை உண்டு, விலை அதிகம். அதே மானிட்டரில் பக்கத்திலேயே டிவிஐ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் சாதாரண அடாப்டரில் வேலை முடியும்.

எல்லாம் சரியாக மாட்டியும் கறுப்புத் திரை என்றால் இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று ஹெச்டிசிபி என்ற நகல் தடுப்பு. பழைய டிவிஐ மானிட்டர்கள் சிலவற்றுக்கும் கேப்சர் கார்டுகளுக்கும் அது ஒத்துவராது. பிஎஸ்4-ல் செட்டிங்ஸ், சிஸ்டம் போனால் 'எனேபிள் ஹெச்டிசிபி' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடலாம். பிஎஸ்5-ல் அது சிஸ்டத்துக்குள் ஹெச்டிஎம்ஐ என்ற தலைப்பில் இருக்கிறது. எடுத்துவிட்டால் சில சினிமா ஆப்கள் ஓடாது, கேம் ஓடும். பிஎஸ்3-ல் அதை எடுக்க வழியில்லை. இன்னொன்று, மானிட்டர் தாங்காத அளவில் படம் போவது. பிஎஸ்4-ஐ முழுக்க அணைத்துவிட்டுப் பவர் பட்டனை அமுக்கியபடியே இருந்தால் ஒரு பீப் சத்தம், ஏழு விநாடி கழித்து இரண்டாவது பீப். அப்போது கையை எடுத்து, கன்ட்ரோலரை வயரில் இணைத்தால் சேஃப் மோட் என்ற மெனு வரும். அதில் இரண்டாவதாக இருப்பது ரெசல்யூஷன் மாற்றுவது. 720பி வைத்துப் பாருங்கள். சதுர மானிட்டரில் ஆட்கள் முகம் நீண்டு ஒல்லியாகத் தெரிவார்கள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

இதுவரை சொன்னதில் தப்பு நடந்தால் சில நூறு ரூபாயோடு போகும். ஹெச்டிஎம்ஐ சிப் எரிந்தால் ஆயிரங்கள் போகும், ஆகவே இதையும் தயவுசெய்து பிரசுரியுங்கள். பிஎஸ்4-க்கு இரண்டு பின் கரன்ட் வயர், எர்த் கிடையாது. மானிட்டருக்கு மூன்று பின். ஆனால் நம் கிராமத்து வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயர் இருப்பதே அபூர்வம். பர்கூர் பக்கம் ஒரு வீட்டில் இரண்டையும் ஆன் செய்து வைத்து, மானிட்டரிலிருந்து வந்த ஹெச்டிஎம்ஐ முனையின் இரும்பு ஓரத்தில் டெஸ்டரை வைத்தேன். உள்ளே இருக்கும் குட்டி பல்பு மங்கலாக எரிந்தது. கையை வைத்தால் சுருக் சுருக்கென்று இழுக்கும். உள்ளே உள்ள பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற கரன்ட் அது. எர்த் இருந்தால் மண்ணுக்குள் போயிருக்கும், இல்லாததால் அங்கேயே நிற்கிறது. அந்த நிலையில் கேபிளைச் செருகும்போது சிக்னல் பின் முதலில் தொட்டுவிட்டால், கசிவு முழுக்க அந்த வழியாக இறங்கி ஹெச்டிஎம்ஐ சிப்பைக் கொன்றுவிடும். இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கேபிளை மாட்டிவிட்டு, அப்புறம் கரன்ட் கொடுங்கள். கனமான அடாப்டரைக் கேம் பெட்டியின் துளையிலேயே நேராகத் தொங்கவிடாமல் நடுவில் ஒரு குட்டி வயர் போடுங்கள். அது ஆடி ஆடி உள்ளே பின் வளைந்துவிட்டால், ஹாட் ஏர் வைத்து சாக்கெட்டையே மாற்ற வேண்டியிருக்கும். பெட்டியை இழுத்துக் கீழே தள்ளிய தம்பி தங்கைகளால் எனக்கு வந்த வருமானம் தனிக் கதை.

என் கோரிக்கை இதுதான். பாக்கெட்டில் அடக்கிய பொருள்களுக்கான 2011-ம் வருட எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, எந்த நாட்டுப் பொருள், புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். என் மேஜைக்கு வரும் அடாப்டர் பாக்கெட்டுகளில் பலவற்றில் இவை எதுவுமே இல்லை. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. தராசையும் பெட்ரோல் பங்க்கையும் சோதிக்கிறவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகளின் கண்ணாடிப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். இறக்குமதி செய்கிறவர்கள் இரண்டே விஷயத்தைக் கூடுதலாக அச்சிட்டால் போதும்: எந்த முனை உள்ளே, எந்த முனை வெளியே என்று ஒரு அம்புக்குறி, உள்ளே சிப் உண்டா இல்லையா என்று ஒரு வரி. அதைத் தமிழில் போட்டால் இன்னும் புண்ணியம்.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நானும் கடைக்காரன்தான், அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். பல்ப் வாங்கினால் ஹோல்டரில் போட்டு எரியவைத்துக் காட்டித்தானே கொடுக்கிறோம்? பழைய விஜிஏ மானிட்டர் ஒன்றும் ஹெச்டிஎம்ஐ உள்ள டிவிடி பிளேயர் ஒன்றும் கவுன்ட்டரில் வைத்திருந்தால் அரை நிமிடத்தில் அடாப்டரை ஓட்டிக் காட்டிவிடலாம். ஓட்டிக் காட்டாத கடையில், பில்லில் "ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு, பிஎஸ்4-க்காக" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி எழுதிய பில் கையில் இருந்தால், பிரித்த பொருளை எடுக்க மாட்டோம் என்று சொல்கிறவரிடம் பேசவும் முடியும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லவும் முடியும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வாங்கலுக்கு அங்கே புகார் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
டிவி, மானிட்டர் மெக்கானிக் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.